நரம்பின் மறுமுனையில் ஓர் ஏரி

கோடை விடுமுறையில் ஊர்க் கிணற்றில் குதித்து வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் உடம்பாலேயே தெரிந்திருக்கும். மேல் நீர் வெயிலில் காய்ந்து வெதுவெதுப்பாக இருக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு கீழே போனால், ஓர் இடத்தில் பாதம் மட்டும் சட்டென்று சில்லிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்துகொண்டே போவதில்லை. யாரோ கோடு கிழித்து வைத்ததுபோல் அங்கே நீர் மாறிவிடும். கோட்டுக்கு மேலே ஒரு கிணறு, கீழே வேறொரு கிணறு.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மாடிசன் நகரை ஒட்டிக் கிடக்கிறது மெண்டோட்டா ஏரி. பரப்பு சுமார் 40 சதுர கிலோமீட்டர், மிக ஆழமான இடம் 25 மீட்டர். அந்த ஏரியில் இந்தக் கோட்டைப் பல்லாண்டுகள் வெப்பமானியோடு பின்தொடர்ந்தவர் எட்வர்ட் பர்ஜ். 1875இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கற்பிக்க வந்தவர். அந்தக் கோட்டுக்கு ‘தெர்மோக்ளைன்’ என்று பெயர் வைத்தவரும் அவரே. தமிழில் வெப்பச்சரிவுப் படலம் என்று சொல்லிக்கொள்ளலாம். அவரும் அவருடைய சகா சான்சி ஜூடேயும் சேர்ந்து மெண்டோட்டாவை வட அமெரிக்க ஏரியியலின் பிறப்பிடமாக ஆக்கினார்கள்.

அதே ஏரியில், அந்தக் கோடு இன்றைக்கு எங்கே நிற்கிறது, அது மீனை எங்கே தள்ளியிருக்கிறது என்பதை ஓர் ஈயத்துண்டையும் தூண்டில் நரம்பையும் வைத்துத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். பாஸ் மீன் பிடிப்பவர்கள். அவர்கள் கையிலிருக்கும் ஈயத்துண்டுக்கு ஜிக் என்று பெயர். பர்ஜ் வெப்பமானியால் செய்த வேலையில் ஒரு பகுதியை அவர்கள் விரல்நுனியால் செய்கிறார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

ஜிக் எளிய பொருள். தூண்டில் முள்ளின் கழுத்தில் ஈயத்தை உருக்கி வார்த்த தலை. அதற்குக் கீழே சிலிக்கோன் இழைகளாலான குஞ்சம். முள்ளில் கோத்த மென்பிளாஸ்டிக் வால்துண்டு, பெரும்பாலும் இரண்டு கொடுக்குகளின் வடிவத்தில். நீர்க்களையில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, முள்ளுக்கு முன்னால் விறைப்பான நார்க்கற்றை ஒன்று. எடை ஏழு கிராமிலிருந்து இருபத்தெட்டு கிராம்வரை. கையில் வைத்துப் பார்த்தால் எந்த உயிரின் சாயலும் தெரியாது. நீருக்குள் போனதும் குஞ்சம் மலர்கிறது. இழைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே அலைகின்றன. தரையில் இறங்கி உட்கார்ந்தபின் கொடுக்குகள் மேல்நோக்கி நிற்க, அது கிரேஃபிஷ் ஆகிவிடுகிறது. கிரேஃபிஷ் என்பது இறாலின் உடலும் நண்டின் கொடுக்குகளும் கொண்ட நன்னீர்ப் பிராணி. மிரண்டால் கொடுக்குகளைத் தூக்கிக் காட்டியபடி பின்வாங்கும். பாஸ் மீனுக்கு மிகப் பிடித்த உணவுகளில் ஒன்று.

வால்துண்டின் கதையில் ஓர் அத்தியாயம் மெண்டோட்டாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மாடிசனுக்குத் தென்கிழக்கே உள்ள ஃபோர்ட் அட்கின்சன் என்ற சிற்றூரில், 1920களில், பன்றித்தோலைக் கொழுப்போடு தவளை வடிவத்தில் வெட்டி, உப்புநீர் ஜாடியில் போட்டு விற்கத் தொடங்கினார்கள். ‘அங்கிள் ஜாஷ்’ என்ற பெயரில் அது நாடு முழுவதும் போனது. ஜிக்கில் அதைக் கோத்து வீசுவதற்கு ‘ஜிக்கும் பன்றியும்’ என்றே மீன்பிடிப்பவர்கள் பெயர் வைத்திருந்தார்கள். குளிர்ந்த நீரில் பிளாஸ்டிக் விறைத்துப்போகும், பன்றித்தோல் துவண்டே இருக்கும். பருவத்தோடு இரையின் மென்மையும் மாறவேண்டும் என்பதை அந்த ஜாடி அன்றைக்கே சொல்லிவிட்டது.

மற்ற செயற்கை இரைகளில் பல, நீரில் கிடைமட்டமாக ஓடுபவை. ஜிக்கின் வேலை விழுவது. வீசியதும் நரம்பைத் தளர்வாக விட்டு அது தரை தொடும்வரை காத்திருக்க வேண்டும். தொட்ட கணத்தில் நரம்பு துவளும். பிறகு கழியின் நுனியை மெல்ல உயர்த்தினால் ஈயத்தலை தரையில் உராய்ந்துகொண்டே வரும். பாறையில் ‘டக், டக்’ என்ற அதிர்வு. மணலில் வழுக்கல். சேற்றில் ஈரச்சாக்கை இழுப்பதுபோன்ற கனம். நீர்க்களையில் ஒரு பிடிப்பு, பிறகு சட்டென்று விடுபடல். இந்த அதிர்வுகளுக்காகவே பலர் இப்போது ஈயத்தை விட்டு டங்ஸ்டனுக்கு மாறுகிறார்கள். ஈயம் நீரைவிட 11 மடங்கு அடர்த்தியானது. டங்ஸ்டன் 19 மடங்கு. அதே எடைக்குத் தலை சிறியதாகிவிடும். கெட்டியான உலோகம் என்பதால் கல்லில் பட்ட அதிர்வை மழுங்கடிக்காமல் மேலே அனுப்பும். நாள் முழுக்க இப்படி இழுத்துக்கொண்டிருப்பவர் மனத்தில், கண்ணால் பார்க்காமலே, ஏரித்தரையின் படம் ஒன்று விழுந்துவிடுகிறது.

மீன் எடுப்பது பெரும்பாலும் ஜிக் விழுந்துகொண்டிருக்கும்போது. பாஸ் இரையைக் கடித்துப் பிடிப்பதைவிட உறிஞ்சிப் பிடிக்கிறது என்பதுதான் சரி. தாடை கீழிறங்கி, செவுள்மூடிகள் வெளியே விரிந்து, வாய்க்குழி ஒரு நொடியின் சிறு பங்குக்குள் பலமடங்கு பெரிதாகும். உள்ளே அழுத்தம் குறைய, சுற்றியுள்ள நீர் இரையோடு சேர்ந்து பாய்ந்து நுழையும். மேலே கழி பிடித்திருப்பவருக்கு இது ‘டொக்’ என்ற ஒற்றைத் தட்டாக வரலாம். பல நேரம் தட்டுகூட இருக்காது. ஐந்து எண்ணுவதற்குள் தரை தொடவேண்டிய ஜிக் மூன்றிலேயே நின்றிருக்கும். அல்லது நரம்பு பக்கவாட்டில் நகரும். அல்லது எடையே காணாமல் போயிருக்கும். மனிதக் கை வினையாற்ற ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும். அதற்குள் மீன் விழுங்கி, சந்தேகப்பட்டு, துப்பியும் விடலாம். ஆகவே ஜிக் போடுபவர் ஒவ்வொரு முறையும் இது எத்தனை எண்ணுவதற்குள் தரை தொடும் என்று முன்கூட்டியே அறிந்திருக்கிறார். எதிர்பார்த்தது நடக்காத கணம்தான் அவருக்குச் சேதி.

இந்த மீனைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். பெயர் பாஸ் என்றாலும் ஐரோப்பியக் கடலில் அப்பெயரால் அழைக்கப்படும் மீனுக்கு இது உறவில்லை. சூரியமீன்கள் எனப்படும் வட அமெரிக்க நன்னீர்க் குடும்பத்தைச் சேர்ந்தது. 1802இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லாசிபீட் இதற்கு ‘மைக்ராப்டெரஸ்’ என்று பேரினப் பெயர் சூட்டினார். ‘சிறுதுடுப்பு’ என்று பொருள். அவர் கைக்கு வந்த மாதிரியின் முதுகுத்துடுப்பு சேதமடைந்து ஒரு துண்டு தனியாக நின்றது. அதை இயற்கையான சிறு துடுப்பு என்று எடுத்துக்கொண்டார். ஒரு காயம் இனத்தின் பெயராகி இரு நூற்றாண்டுகளைக் கடந்துவிட்டது. மெண்டோட்டாவில் இதில் இரண்டு வகை உண்டு. களைகளுக்கிடையே பதுங்கியிருக்கும் பெருவாய் பாஸ். பாறையையும் சரளைக்கல்லையும் விரும்பும் சிறுவாய் பாஸ்.

இனி பருவம். வெளியே மரத்தில் தெரியும் பருவத்தை நம்பி ஏரிக்குப் போனால் ஏமாற்றம்தான். நீருக்குத் தனிப் பஞ்சாங்கம் உண்டு. அதன் அடிப்படை, நீரின் ஒரு விசித்திரம்: அது மிக அடர்த்தியாக இருப்பது 4 டிகிரி செல்சியஸில். அதற்கு மேல் சூடானாலும் இலேசாகும், அதற்குக் கீழ் குளிர்ந்தாலும் இலேசாகும். அதனால்தான் பனிக்கட்டி மிதக்கிறது, ஏரி மேலிருந்து உறைகிறது, அடியில் மீன் பிழைத்துக் கிடக்கிறது. ஏப்ரல் வாக்கில் பனி உருகியதும் மேல்நீர் சூடாகி 4 டிகிரியை எட்டும். அப்போது மேலும் கீழும் ஒரே அடர்த்தி. காற்றடித்தால் போதும், ஏரி முழுவதும் மேல்கீழாகப் புரண்டு கலக்கும். குளிர்காலம் முழுக்க மூடிக்கிடந்த அடிநீருக்கு ஆக்ஸிஜன் போய்ச் சேரும்.

அதன்பின் ஆழமற்ற விரிகுடாக்கள் முதலில் சூடாகின்றன. பல்கலைக்கழக விரிகுடா என்ற பகுதியும் அப்படிப்பட்டது. பெரிய நீர்ப்பரப்பு இன்னும் நடுங்கிக்கொண்டிருக்கும்போது அங்கே இரண்டு மூன்று டிகிரி கூடியிருக்கும். பாஸ் குளிர்க்குருதிப் பிராணி. அதன் உடலின் வேகத்தை நீர்தான் முடிவு செய்கிறது. 4 டிகிரியில் விழுங்கிய இரை செரிக்க நாள்கணக்காகும். 10 டிகிரியைத் தாண்டும்போது தசை இளகுகிறது, பசி திரும்புகிறது. கிரேஃபிஷ்களும் ஏறக்குறைய அதே வேளையில் கல்லிடுக்கிலிருந்து வெளியே வருகின்றன. இந்த வாரங்களில் ஏழு முதல் பத்து கிராம் ஜிக் போதும். இலேசான தலை மெதுவாக விழும். மெதுவாக விழுவதை மட்டுமே துரத்த இந்த மீனுக்குத் தெம்பு இருக்கும். ஒரு மீட்டர் நகர்த்த அரை நிமிடம் எடுத்துக்கொள்கிறவர்தான் வெல்கிறார்.

நீர் 15 டிகிரியைத் தாண்டியதும் கதை மாறுகிறது. ஆண் பாஸ் கரையோரமாக, பெரும்பாலும் ஓர் ஆள் ஆழத்துக்குள், வாலால் தரையைத் துடைக்கத் தொடங்கும். சேறு விலகி, சரளையோ வேரோ வெளியே தெரியும்வரை துடைக்கும். வட்டமான, வெளிறிய ஒரு தட்டு உருவாகும். பெண் வந்து முட்டையிட்டுவிட்டு ஆழத்துக்குப் போய்விடும். அதன்பின் எல்லாம் தகப்பன் பொறுப்பு. முட்டைகளுக்கு மேல் நின்று துடுப்பை அசைத்து நீரோட்டம் உண்டாக்கும். சில நாளில் குஞ்சு பொரியும். கரு உணவு தீர்ந்து குஞ்சுகள் எழுந்து நீந்தத் தொடங்கிய பிறகும், அந்தக் கருமேகக் கூட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்து காவல் நிற்கும். இத்தனை வாரங்களும் அது அரைவயிறுகூடச் சாப்பிடுவதில்லை. சுற்றிலும் அதன் சொந்தக் குடும்பத்தைச் சேர்ந்த நீலச்செவுள் மீன்கள் காத்திருக்கும். தகப்பன் சில நிமிடம் விலகினால் கூடு காலியாகிவிடும்.

இந்த மீனின் முன்னால் ஒரு ஜிக்கை இறக்கிப் பாருங்கள். கொடுக்கு தூக்கிய முட்டைத்திருடன் ஒன்று கூட்டுக்குள் வந்து உட்கார்ந்ததாகவே அதற்குத் தோன்றும். பசியில்லாத அந்த மீன் ஜிக்கை வாயில் கவ்வி வெளியே கொண்டுபோய்ப் போடப் பார்க்கும். மீன்பிடிப்பவருக்கு இதைவிட எளிதான இலக்கு ஆண்டு முழுவதும் கிடைக்காது.

இங்கேதான் இலினாய் மாநிலத்தில் நடந்த ஒரு நீண்ட ஆய்வு நினைவுக்கு வருகிறது. ரிட்ஜ் ஏரி என்ற சிறிய சோதனை ஏரியில், 1970களின் பிற்பகுதியில், பிடிபட்ட ஒவ்வொரு பாஸுக்கும் அடையாளமிட்டுத் திரும்ப விட்டார்கள். ஒரு மீன் ஒரே ஆண்டில் 16 முறை பிடிபட்டது. 1980இல் ஏரியை வடித்துப் பார்த்தபோது ஒருமுறைகூடப் பிடிபடாத மீன்களும் கணிசமாக இருந்தன. டேவிட் ஃபிலிப் என்ற உயிரியலாளரும் உடன் உழைத்தவர்களும் எளிதில் பிடிபடுபவற்றைத் தனியாகவும், பிடிபடாதவற்றைத் தனியாகவும் பல தலைமுறை வளர்த்தார்கள். தலைமுறைக்குத் தலைமுறை இரண்டு வம்சங்களும் விலகிக்கொண்டே போயின. தூண்டிலுக்கு மசியும் குணம் பரம்பரையாக வருகிறது என்பது உறுதியானது. இன்னொன்றும் தெரிந்தது. எளிதில் பிடிபடும் வம்சத்து ஆண்களே கூட்டை அதிக மூர்க்கத்தோடும் அக்கறையோடும் காக்கின்றன. அதாவது கூடுகட்டும் பருவத்தில் நாம் முதலில் தூக்குவது அந்த ஏரியின் மிகச் சிறந்த தகப்பன்களை.

பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடுகிறோமே என்று ஒரு பதில் உண்டு. பாஸ் போட்டிகளில் மீனைக் கொல்லாமல் விடும் வழக்கத்தை 1970களின் தொடக்கத்தில் ரே ஸ்காட் பரப்பியது உண்மையிலேயே பெரிய காரியம். ஆனால் படகில் எடுத்து, படம் பிடித்து, எடை போட்டு விடுவதற்குள் கூட்டுக்கு நடந்துவிடுவதை அது தடுக்காது. கண்ணுக்குத் தெரியும் கூட்டின் மேல் ஜிக் போடுவது எனக்கு ஒப்பவில்லை. ஆழத்துக்குப் போய்விட்ட பெண் மீன்களும், இன்னும் கூடு கட்டாதவையும் அருகிலேயே இருக்கின்றன. கற்றுக்கொள்ள அங்கே இன்னும் நிறைய இருக்கிறது.

ஜிக்கின் நிறம் பற்றி ஒரு வார்த்தை. கலங்கிய நீருக்குக் கருப்பும் நீலமும் கலந்த குஞ்சம்தான் என்பது பாஸ் பிடிப்பவர்களிடையே கிட்டத்தட்ட மந்திரம். இலினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெருவாய் பாஸின் விழித்திரையை ஆராய்ந்தார்கள். பச்சைக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று என இரண்டே வகைக் கூம்புசெல்கள்தான் இருந்தன. நமக்கு இருப்பதுபோல் நீலத்துக்கென்று தனிச் செல் இல்லை. பயிற்சி கொடுத்துச் சோதித்தபோது சிவப்பையும் பச்சையையும் நன்றாக அடையாளம் கண்ட மீன், கருப்பையும் கருநீலத்தையும் பிரித்தறியத் திணறியது. அந்த நீல இழைகள் மீனின் கண்ணுக்குப் பெரும்பாலும் இன்னொரு கருப்புதான். ஆனாலும் மந்திரம் பொய்யில்லை. கலங்கலில் வேலை செய்வது இருட்டான, தெளிவான உருவம். அதைக் கருப்பு கொடுத்துவிடுகிறது.

ஜூன் கடைசியில் ஏரி இரண்டாகிறது. இதை விரிவாகச் சொல்லத்தான் கிணற்றிலிருந்து தொடங்கினேன். நீர் 4 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குச் சூடாகும்போது அடர்த்தியில் ஏற்படும் மாற்றம் மிகச் சிறியது. அதே ஒரு டிகிரி, 24இலிருந்து 25க்கு ஏறும்போது மாற்றம் சுமார் 30 மடங்கு. ஆகவே கோடையில் மேல்நீர் சூடேறச் சூடேற, மேலடுக்குக்கும் அடியடுக்குக்கும் இடையிலான அடர்த்தி வேறுபாடு தாவித் தாவி வளர்கிறது. வசந்தத்தில் ஏரியையே புரட்டிய காற்றுக்கு இப்போது மேலடுக்கை மட்டுமே கலக்க முடியும். இடையில் சில மீட்டர் தடிமனில், வெப்பம் சரசரவென்று சரியும் அந்தப் படலம் மூடிபோல் உட்கார்ந்துவிடுகிறது.

மூடிக்குக் கீழே என்ன நடக்கிறது? மெண்டோட்டா வளமான ஏரி. சுற்றிலும் உள்ள பண்ணை நிலங்களிலிருந்து நூறாண்டுக்கும் மேலாகப் பாஸ்பரஸ் வந்து சேர்ந்திருக்கிறது. கோடையில் நீர் பச்சையாகிறது. பாசிகள் செத்துக் கீழே இறங்குகின்றன. நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று ஆக்ஸிஜனைக் கரைக்கின்றன. மேலிருந்து புது ஆக்ஸிஜன் வர வழியில்லை. வெளிச்சமும் எட்டாததால் அங்கே ஒளிச்சேர்க்கையும் இல்லை. கோடை நடுவில் அந்தக் குளிர்ந்த, அழகான அடிநீர் மீனால் சுவாசிக்க முடியாத இடமாகிவிடுகிறது. பர்ஜும் ஜூடேயும் ஏரிநீரில் கரைந்த வாயுக்களை அளந்து 1911இல் வெளியிட்ட நூல், ஏரியும் ஓர் உயிர்போல் சுவாசிக்கிறது என்று காட்டிய பழைய ஆவணங்களில் ஒன்று.

வெயிலுக்கு மீன் ஆழத்துக்குப் போகும் என்று நினைத்து ஆகஸ்டில் 18 மீட்டரில் ஜிக்கை இறக்குகிறவர் இதனால்தான் வெறுங்கையோடு திரும்புகிறார். ஏரியின் பெரும் பகுதி மீனுக்கு மூடப்பட்டிருக்கிறது. இருக்கும் மீனெல்லாம் மேல் அடுக்கில்தான். சிறுவாய் பாஸ் பாறைத் திட்டுகளில், படலத்துக்குச் சற்று மேலே. அங்கே போடுவது ‘ஃபுட்பால்’ தலை ஜிக். பக்கவாட்டில் நீண்ட அந்த உருண்டை, கல்லிடுக்கில் சிக்காமல் உருண்டு புரண்டு வரும். பெருவாய் பாஸோ களைக்காட்டுக்குள்.

களைக்காடு என்றால் உண்மையிலேயே காடு. தரையிலிருந்து எழுந்து மேற்பரப்பில் பாய்போல் படர்ந்திருக்கும். கூரைக்குக் கீழே நிழல், ஓரளவு குளிர்ச்சி, பகலில் இலைகள் விடும் ஆக்ஸிஜன், பதுங்கிப் பாய மறைவு. பாஸுக்கு வேண்டியது எல்லாம் அங்கே இருக்கிறது. அந்தக் கூரையைத் துளைக்க 21 கிராமுக்குமேல் எடையும் கூரிய தலையும் வேண்டும். வீசி எறிவதில் பயனில்லை. 1970களில் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த டீ தாமஸ் என்பவர் பிரபலமாக்கிய ‘ஃபிளிப்பிங்’ முறையில், நீண்ட கழியால் ஊஞ்சல்போல் ஆட்டி, சில மீட்டர் தூரத்திலுள்ள ஒரு தட்டளவு இடைவெளிக்குள் ஓசையில்லாமல் ஜிக்கை இறக்குகிறார்கள். இங்கே வேகமான விழுதலே உதவுகிறது. 25 டிகிரி நீரில் பாஸின் உடல் முழு வேகத்தில் ஓடுகிறது. கண்முன் சரேலென்று விழுந்து கடப்பதை அது யோசிக்காமல் உறிஞ்சிவிடுகிறது. வசந்தத்தில் பலித்த மெதுவான இறக்கம் இப்போது அதற்கு ஆராய்ந்து பார்க்க அவகாசம் கொடுத்துவிடும்.

களை எந்த ஆழத்தில் நிற்கிறதோ, அந்த விளிம்பில்தான் பெரிய மீன்கள் உலவும். அந்த விளிம்பை முடிவு செய்வது வெளிச்சம். வெளிச்சத்தை முடிவு செய்வது நீரின் தெளிவு. தெளிவை முடிவு செய்வதில் மீனுக்கே பங்கு உண்டு என்று காட்டியவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஸ்டீஃபன் கார்ப்பெண்டர். 1985இல் அவரும் சகாக்களும் மிச்சிகன் மாநிலத்துச் சிற்றேரிகளில் துணிச்சலான ஒரு சோதனை செய்தார்கள். பீட்டர் ஏரியின் பாஸ்களில் பெரும்பகுதியைப் பிடித்து டியூஸ்டே ஏரியில் விட்டார்கள். டியூஸ்டேயின் சிறுமீன்களைப் பிடித்து பீட்டருக்குக் கொண்டுபோனார்கள். டியூஸ்டேயில், தம்மைத் தின்னும் சிறுமீன்கள் குறைந்ததும் நீர்த்தெள்ளுகள் பெருத்தன. நீர்த்தெள்ளுகள் பாசியை மேய்ந்தன. பாசி குறைந்தது. மேல்தட்டில் ஒரு வேட்டைமீனைச் சேர்த்தது, மூன்று படி கீழே நீரின் நிறத்தில் தெரிந்தது.

மெண்டோட்டாவிலேயே இதன் மறுபக்கத்தையும் பார்த்தார்கள். 2009இல் அங்கே நீள முள்வால் கொண்ட ஒரு வெளிநாட்டு நீர்த்தெள்ளு கண்டுபிடிக்கப்பட்டது. பாசியை மேயும் உள்ளூர் நீர்த்தெள்ளை அது தின்று குறைத்தது. அடுத்த ஆண்டுகளில் ஏரியில் கண் எட்டும் ஆழம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் குறைந்தது. ஒரு விரல்நகத்தில் பல அடங்கும் பிராணி, 40 சதுர கிலோமீட்டர் நீரைக் கலங்கலாக்கிவிட்டது. வழக்கமான ஆழத்தில் களை தட்டவில்லை, வெறும் சேறு தட்டுகிறது என்று ஜிக் சொல்லும்போது, இப்படியொரு சங்கிலியின் கடைசிக் கண்ணி நரம்பு வழியாக விரலுக்கு வருகிறது.

செப்டம்பரில் மேல்நீர் ஆறத் தொடங்கும். ஆறிய நீர் கனத்து இறங்க, படலம் தேய்ந்து ஆழத்துக்கு நகரும். அக்டோபர் வாக்கில் பலத்த காற்றடிக்கும் ஒருநாள் மூடி உடைந்து ஏரி மீண்டும் ஒன்றாகும். மாதக்கணக்கில் அடைந்திருந்த மீன்களுக்கு எல்லா ஆழமும் திறந்துவிடும். மீன் எங்கும் இருக்கலாம் என்ற அந்தச் சில வாரங்கள் தூண்டில்காரருக்கு மிகக் கடினமானவை. பிறகு களைகள் பழுத்துச் சரியும்போது, இன்னும் பச்சையாக நிற்கும் கொத்துகளில் பெருவாய் பாஸ்கள் கூடும். சிறுவாய் பாஸ்கள் கூட்டமாக ஆழப் பாறைகளுக்கு இறங்கும். ஜிக்கும் பழைய இலேசான எடைக்கும் மெதுவான நடைக்கும் திரும்பும்.

இந்தப் பருவத்தில்தான் வடக்கிலிருந்து வலசை போகும் லூன் பறவைகள் மெண்டோட்டாவில் இறங்கி இளைப்பாறுகின்றன. கரிய தலையும், ஓநாயின் ஊளைபோன்ற குரலும் கொண்ட முக்குளிப்புப் பறவை. லூனுக்குப் பல் கிடையாது. இரையை அரைக்கச் சிறு கூழாங்கற்களை ஏரித்தரையிலிருந்து பொறுக்கி விழுங்கும். அறுந்து கிடக்கும் ஈய ஜிக்கும் அதற்கு ஒரு கூழாங்கல்தான். ஜிக் மாட்டிய மீனை விழுங்குவதாலும் ஈயம் உள்ளே போகும். இரைப்பையின் அமிலத்தில் அது கரைய, ஒரே ஒரு ஜிக் சில வாரங்களில் பறவையைக் கொன்றுவிடும். வடகிழக்கு மாநிலங்களில் வளர்ந்த லூன்களின் சாவுக்கு முதன்மையான காரணங்களில் ஈயத் தூண்டில் எடை ஒன்று எனப் பல ஆண்டு உடற்கூறாய்வுகள் காட்டின. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 2000ஆம் ஆண்டிலேயே கட்டுப்பாடு கொண்டுவந்தது. இப்போது அங்கே ஓர் அவுன்ஸும் அதற்குக் குறைவுமான ஈய ஜிக்குகளை விற்கவோ நன்னீரில் பயன்படுத்தவோ முடியாது. டங்ஸ்டன் விலை கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் நாள் முழுக்கப் பாறையில் இழுக்கிறவர் சிலவற்றை இழந்தே தீருவார். நாம் ஏரியில் விட்டுவிட்டு வருவது விஷமாக இருக்கக்கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

டிசம்பரில் மேல்நீர் 4 டிகிரிக்கும் கீழே போய், இலேசாகி, மேலேயே தங்கும். அமைதியான ஓர் இரவில் உறையும். பாஸ்கள் ஆழத்தில் அசையாமல் கிடக்க, பனியில் துளையிட்டு அமர்ந்திருப்பவர்கள் பட்டாணி அளவு ஜிக்கை இறக்கி பெர்ச், நீலச்செவுள் மீன்களை எடுப்பார்கள்.

மெண்டோட்டா எந்த நாளில் உறைகிறது, எந்த நாளில் திறக்கிறது என்ற குறிப்புகள் 1850களிலிருந்து இருக்கின்றன. ஏரி திறந்துவிட்டதா என்று தீர்மானிக்க வைத்திருந்த பழைய அளவுகோல் எளிமையானது: பிக்னிக் முனையிலிருந்து மேப்பிள் பிளஃப் கரைவரை ஒரு படகை ஓட்டிச் செல்ல முடியுமா? தொடக்க காலப் பதிவுகளில் பனி சுமார் நான்கு மாதம் நின்றது. இன்று சராசரியில் ஏறத்தாழ ஒரு மாதம் குறைந்திருக்கிறது. படகு முன்னதாகவே கடந்துவிடுகிறது. விரிகுடா முன்னதாகச் சூடாகிறது. ஈயத்தலை தரையைத் தொட்டு, சரளைக்கல்லில் உராய்ந்து மேலேறும் முதல் நாளும் நாள்காட்டியில் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. கழி பிடித்திருப்பவர் மூன்று என்று எண்ணுகிறார். ஐந்தில் தரை தொடவேண்டிய ஜிக் அங்கேயே நின்றுவிட்டது.